பச்சைக் காகிதம் ஒட்டிய கதவு

சுவர் வைத்து அடைத்த வீட்டுக்குள்ளிருந்து கோப்பி வாசம் வந்தது.

புஸ்பவதி ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பின்னேரம் நாலு மணி. கந்தசஷ்டி நாலாம் நாள். பச்சைத் தண்ணீரும் இரவில் ஒரு தம்ளர் பாலுமாக மூன்று நாளை ஓட்டியவளுக்கு மூக்கு மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. விரதகாரரின் மூக்கை ஏமாற்ற முடியாது. அடுப்பில் கொதித்து ஏறிய கறுப்புக் கோப்பிதான், சந்தேகமே இல்லை. குசினிச் சுவரில் உயரே இருந்த கையகலக் காற்றுத்துவாரத்தால் அது இறங்கி வந்தது. அந்தத் துவாரம் கட்டடத்தின் நடுவில் கிணறு மாதிரி இறங்கும் இருட்டுக் கூண்டுக்குள் திறக்கிறது. அந்தக் கூண்டுக்குள் திறக்கும் மற்றத் துவாரம் பக்கத்து வீட்டினுடையது. பக்கத்து வீட்டு வாசலை அன்று மத்தியானம்தான் மேசன்மார் சீமெந்து வைத்து மஞ்சள் கல் அடுக்கி அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முழுக் கட்டடத்திலும் இப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இத்தாலியின் தெற்கே, கால்சா என்ற பழைய பகுதியில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த அந்தப் பழைய மாளிகையில் போன வருடம்வரை பதினொரு குடும்பங்கள் இருந்தன. ஒரு கம்பனி அதை வாங்கி, உல்லாசப் பயணிகளுக்கு அறை அறையாகக் கொடுப்பதற்காகத் திருத்தத் தொடங்கியது. முகப்புக்குச் சாரம் கட்டி, ஜன்னல்களுக்குப் பலகை அறைந்து, எல்லாவற்றுக்கும் மேலால் சாம்பல் நிற வலையைப் போர்த்தினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குப் பகலும் இரவும் ஒன்றாகிப் போனது. கம்பனியின் ஆள் ஒருவன், அளவுகாரன், ஜெயோமெத்ரா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அவன் படியேறி வந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. புஸ்பவதிக்கு மட்டும் எல்லாக் கதவும் திறந்தது. ஏழு வருடமாக அந்தப் படிகளைக் கழுவுகிறவள் அல்லவா. உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார்கள். அவள் கோப்பியைக் குடித்துவிட்டு, விட்டுப்போகிறோம் என்ற கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒருவர் இருவர் அல்ல, ஒன்பது குடும்பம்.

அதற்கு அவளுக்குக் கிடைத்ததுதான் இரண்டாம் மாடியில் இந்த வீடு. இரண்டு அறை, முற்றத்தைப் பார்த்த ஒரு உண்மையான ஜன்னல். கீழ்த்தளத்தில் அவள் இருந்த ஈர அறையை நகரசபை அலுவலர் போன வருடம் அளந்து பார்த்து, பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிட இது போதாது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பிள்ளையோ புதுக்குடியிருப்பில் பெரியம்மாவிடம் வளர்கிறாள். ஐந்து வயதில் விட்டுவந்த ஜெனனிக்கு வருகிற தை மாதம் பதினெட்டு முடிகிறது. முடிந்தால், பிள்ளை என்று சொல்லிக் கூப்பிட வழியே இல்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு அலுவலர் திரும்ப அளக்க வருகிறார். இந்த வீடு சரிவந்தால் மகள். இல்லையென்றால் தொலைபேசியில் தெரியும் முகம் மட்டும்தான், கடைசிவரைக்கும்.

கோப்பி வாசம் போகவில்லை. தடிப்பாக நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி சிஞ்ஞோரா அகத்தா போன சனிக்கிழமை அந்த வீட்டுக்குள்தான் செத்துப்போனாள். நாலு மணிக்குக் கோப்பி இல்லாவிட்டால் படுக்கையில் கிடந்தபடியே ஊரைக் கூட்டுகிற மனுஷி. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுகூட முடியவில்லையே என்று புஸ்பவதிக்கு நினைப்பு ஓடியது.  சுவாமிப் படத்துக்கு முன்னால் போய்த் திருநீற்றை அள்ளி நெற்றியில் பூசினாள், துவாரத்தை நோக்கியும் கொஞ்சம் ஊதினாள். முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கோப்பை தட்டில் வைக்கப்பட்டது. கரண்டி சுற்றியது. மூன்று சுற்று, நாலு சுற்று. பிறகு செருப்பை இழுத்து இழுத்து யாரோ நடந்தார்கள், சுவரோரமாக, நிதானமாக, தன் வீட்டில் நடக்கிறவரின் நடை.

அகத்தா இரண்டு வருடமாக நடந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அவள் துள்ளிவிழுந்தாள். திரையில் ஜெனனி. அங்கே இரவு எட்டரை மணி தாண்டியிருந்தது.

"அம்மா, நாளைக்குத்தானே அளக்க வருகினம்?"

"ஓம் பிள்ளை. ஒன்பது மணிக்கு."

"இந்த முறை சரிவருமே?"

"வரும். ஏன் வராமல்? ஜன்னல் கிடக்கு, காத்து வருது, எல்லாம் சரி."

"நான் உடுப்பெல்லாம் அடுக்கிப்போட்டன். பெரியம்மா சிரிக்கிறா."

அந்தப் பக்கம் ஒரு கதவின் தாழ்ப்பாள் விலகியது. கீல் கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை. நீண்ட நேரம் ஒன்றுமேயில்லை. கதவைத் திறந்து, முன்னால் கல்லைப் பார்த்துக்கொண்டு யாரோ நிற்கிற அமைதி. அதன் பிறகு உள்ளங்கையால் ஓர் அடி. இன்னொரு அடி. பிறகு இரண்டு கையாலும்.

"என்னம்மா சத்தம்? ஆரோ தட்டுகினம் போல கிடக்கு."

"மேசன்மார் பிள்ளை. வேலை நடக்குது."

"தட்டேக்கை ஆரோ கத்துற மாதிரியும் கேக்குதம்மா."

புஸ்பவதிக்கும் கேட்டது. சொல் இல்லாத குரல். தொண்டையின் அடியிலிருந்து வந்த, ஏற்ற இறக்கமில்லாத, மாட்டின் குரல் போன்ற ஒன்று. அந்தக் குரலை அவளுக்கு ஏழு வருடமாகத் தெரியும். அவள் மகளிடம் சொல்லாமல்கொள்ளாமல் தொலைபேசியை நிறுத்தினாள்.

நினோ.

அகத்தாவின் தம்பி நினோ. எழுபது வயது. பிறவியிலேயே காது கேட்காதவர், பேச்சும் இல்லை. செத்த வீடு முடிந்ததும் மருமகன் அவரைக் காரில் ஏற்றிச் சியாகுல்லிக்கு, தன் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோனதை அவள் கண்ணால் பார்த்தாள். அவர் அங்கே தங்கவில்லை. வீட்டுத் திறப்பு, பழைய சாவி, அவரிடம் இருந்தது. விடியவே பஸ் பிடித்து வந்து, தன் பின்னறையில், தன் கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

ஜெயோமெத்ரா தெளிவாகத்தான் சொல்லியிருந்தான். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போ, ஒவ்வொரு அறையும் பார், கட்டிலுக்குக் கீழேயும் பார், பிறகுதான் கதவில் பச்சைக் காகிதம் ஒட்டு. காகிதம் இருந்தால் மேசன்மார் கேள்வி கேட்காமல் கல் வைப்பார்கள், வேறு ஆட்கள் புகுந்து குடியேறாமல் இருக்க. மற்ற வீடுகளுக்குள் அவள் அப்படித்தான் செய்தாள். அன்று காலை அகத்தாவின் வாசலில் மட்டும் நின்றுவிட்டாள். செத்த வீடு. துடக்கு, தீட்டு. சஷ்டி விரதக்காரி உள்ளே கால் வைக்கலாமா? மகளுக்காகப் பிடிக்கிற விரதம் அல்லவா. வாசற்படிக்கு வெளியே, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். சிஞ்ஞோர் நினோ! சிஞ்ஞோர் நினோ! மூன்று தரம். பதில் இல்லை. ஆளில்லை என்று கதவைச் சாத்திக் காகிதத்தை ஒட்டினாள். உள்ளே போய்ப் பார்த்தேன் என்று கையெழுத்தும் வைத்தாள்.

காது கேட்காத மனுஷனை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது நினைக்க அவளுக்குச் சிரிப்புப் போல ஒன்று வந்தது. கல் அடுக்கிய சத்தம்கூட அவருக்குக் கேட்டிருக்காது.

அவள் ஜெயோமெத்ராவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது என்றாள். ஆள் இருக்கலாம் என்றாள்.

 அவனுக்குப் பின்னால் ஏதோ கடையின் இரைச்சல் கேட்டது. "நீ உள்ளே போய்ப் பார்த்தாய்தானே, புஷ்பா?" என்று இத்தாலி மொழியில் மெதுவாகக் கேட்டான். "உன் கையெழுத்து என்னிடம் இருக்கிறது."

"பார்த்தேன்."

"அப்படியென்றால் ஆள் இல்லை. எலி. ஆள் இருந்தால் அந்த மாடி காலியில்லை. மாடி காலியில்லையென்றால் நீ இருக்கிற வீட்டையும் நான் நாளைக்குக் காட்ட முடியாது. விளங்குதா? ஒருவரை உள்ளே வைத்துச் சுவர் கட்டியது யார் என்றும் பொலிஸ் கேட்கும்."

வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்கெல்லாம் வலைக்குள் இருட்டிவிட்டது. அவள் குசினித் தரையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் வந்து இறங்கியது. காதைப் பொத்தினாலும் எலும்பால் கேட்டது. அந்த வீட்டில் விளக்கு எரியாது. தண்ணீர் வராது. காலையில் இரண்டையும் வெட்டினார்கள், அவள்தான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? கோப்பி போட்டது போக மிச்சம்? தன் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடப்பதை அவள் உணர்ந்தாள். இது நாலாம் நாள். அவளுக்கு ஆறாம் நாளோடு முடியும்.

ஆறு மணி. அடி நின்றது. அது நின்றதும்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து வெளியே வந்தாள். படிக்கட்டின் இருட்டில் சுண்ணாம்பும் ஈரமும் மணத்தன. காலையில் வந்து முடிப்பதற்காக மேசன்மார் சாமான்களை அங்கேயே வைத்திருந்தார்கள். சுத்தியல், சாந்துக் கரண்டி, ஈரச் சாக்குப் போர்த்த சாந்து வாளி. தொலைபேசி வெளிச்சத்தில் சுவர் மஞ்சளாக நின்றது. நெஞ்சு உயரத்தில் ஒரு கல்லைத் தேர்ந்தாள். சாந்து இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. கரண்டியைக் கொடுத்து நெம்பினாள். கல் அசைந்தது. மார்போடு அணைத்து இழுத்துக் காலடியில் இறக்கினாள். கண் இருட்டியது. பாவம், பாவம் என்று வாய்விட்டு அழுதாள்.

ஓட்டைக்குள் கறுப்பு.

பிறகு விரல்கள்.

அவை காற்றைத் தடவி, கல்லின் விளிம்பைத் தடவி, அவள் கையைக் கண்டுபிடித்தன. பிடித்தன. இழுத்துக்கொண்டுபோய் சவரம் செய்யாத ஒரு கன்னத்தில் வைத்துக்கொண்டன. கன்னம் நனைந்திருந்தது. உள்ளே ஒரு தீப்பெட்டிக் குச்சி எரிந்தது. நினோவின் முகம். நகமெல்லாம் இரத்தம். ஆனால் சிரித்தார். தன் புருவங்களுக்கு நடுவே விரலால் ஒரு பொட்டு வைத்துக் காட்டினார். அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. நீதான் வருவாய் என்று எனக்குத் தெரியும் என்பது மாதிரித் தலையை ஆட்டினார். மற்றக் கல்லையும் எடு என்று கையால் காட்டினார்.

அவள் அடுத்த கல்லில் கரண்டியை வைத்தாள்.

வைத்தபடி நின்றாள்.

இவர் வெளியே வந்தால் நேராகக் கீழே முனைக்கடைக்குப் போவார். கையாலேயே எல்லாவற்றையும் சொல்வார். தெரு கூடும். பொலிஸ் வரும். காலையில் அலுவலர் வரும்போது வாசலில் பொலிஸ் நிற்கும். ஒன்பது மணிவரை மட்டும், என்று நினைத்தாள். ஒரு இரவு. அலுவலர் போன கையோடு திறந்துவிடலாம். அலுவலரின் வீட்டுப் பத்திரம் கைக்கு வர முப்பது நாளாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த முப்பது நாளும் மாடி காலியாகத்தான் இருக்கவேண்டும். அதுவும் தெரியும். அதை அவள் நினைக்காமல் விட்டாள். உடுப்பெல்லாம் அடுக்கிப்போட்டன் என்று பிள்ளை சொன்னதை நினைத்தாள்.

ஒரு விரலை உதட்டில் வைத்தாள். படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். ஆள் வருகிறான். கம்பனிக்காரன். ஒளிந்திருங்கள். பிறகு ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். ஐந்தே நிமிடம்.

நினோ ஐந்து விரல்களையும் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கம்பனிக்காரனை ஏமாற்றுவதென்றால் அவருக்கு எப்போதும் விருப்பம். கண்ணைச் சிமிட்டினார். தானும் உதட்டில் விரலை வைத்தார். குச்சியை ஊதி அணைத்தார்.

அவள் சாந்தை அள்ளினாள். நாலு பக்கமும் பூசினாள். நன்றாக, நிறைய. கல்லைத் தூக்கினாள்.  கல் பாதி நுழைந்து ஒரு பக்கம் சரிந்தது. வெளியே விழப் பார்த்தது. அவளால் பிடிக்க முடியவில்லை.

உள்ளேயிருந்து இரண்டு கைகள் வந்து அதைத் தாங்கின. நேராக்கின. மெதுவாகத் தங்கள் பக்கம் இழுத்துச் சரியான இடத்தில் பொருத்தின. அவள் வெளியில் விளிம்பை வழித்துத் துடைக்கும்வரை, சாந்து இறுகும்வரை, கல் அசைந்துவிடாமல் அவர் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்.