மண்மதிலில் வெட்டிய வழி

குப்பை போடப் போன டெரெக் திரும்பி வரவில்லை. ஹேசல் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தோட்டத்துக் கோடியில், மண்மதிலில் அவர்கள் வெட்டிய வழியில், அவள் புருஷன் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். காலில் வீட்டுச் செருப்பு. நேற்றும் இப்படித்தான் நின்றான், கூப்பிட்டதும் வந்துவிட்டான்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய, ஆல்ஃபிரட் ராஜா காலத்து மதில் அது. ஆற்றில் படகேறிக் கொள்ளையடிக்க வந்த டேனியரைத் தடுக்க ஊரைச் சுற்றிக் கொட்டிய மண், புல் முளைத்து, நாயோடு நடப்பவர்களின் பாதையாகக் கிடந்தது. அதில் கை வைக்கக் கூடாது என்று சட்டம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று போன வாரம் திருட்டுத்தனமாக ஆள் வைத்துத் தோண்டியது ஹேசல்தான்.

குளிர்காலம், சாயங்காலமே இருட்டிவிட்டது. அவள் தோட்டத்தில் இறங்கியபோது, ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனியில் ஈர மண்ணின் வாடையும், பச்சை விறகு புகைகிற வாடையும், வெகுநாள் குளிக்காத பலர் நெருக்கி நிற்பது போன்ற வாடையும் கலந்து வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன.

"டெரெக், உள்ள வா. நெஞ்சுவலிக்காரன் நிக்கிற எடமா இது?"

"வழி தெறந்து கெடக்கு, ஹேசல்."

"நாமதானே தெறந்தோம்? காருக்கு."

"ஆத்து வழியா வராங்க. ஆள் பத்தல."

கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கணுக்கால்வரை மண்ணுக்குள் இருந்தான். மண்வெட்டியை எடுத்து வந்து வெறிகொண்டு தோண்டினாள். தோண்டத் தோண்ட மண் சரிந்து முழங்கால்வரை ஏறியது.

"மூடிடறேன். நாளைக்கே மூடிடறேன். இவன விட்டுடுங்க." யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பனி விலகியது. வெட்டிய மண்சுவரில் ஒரு தோள் தெரிந்தது. அதையடுத்து இன்னொரு தோள். மதில் நீளத்துக்கும் தோள்கள். எல்லாம் மண். டெரெக்கின் வலக்கையை ஒரு மண்கை பிடித்திருந்தது.

"நீ போயிடு," என்றான் டெரெக். அழுதுகொண்டிருந்தான்.

"உன்ன விட்டுட்டா?"

அவன் இடக்கையை இறுகப் பற்றினாள். மறுகையை எதிர்ச்சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

சுவரில் விரல்கள் இருந்தன. ஈரமான விரல்கள். அவள் விரல்களுக்கிடையே மெல்ல நுழைந்து மடங்கின.

வெட்டிய வழி ஒரு கார் அகலம். கை நீட்டி நின்றால், அடைக்க இரண்டு ஆள் போதும்.

டெரெக்கைத் திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. முகம் ஆற்றுப் பக்கமே நின்றது.