விடுப்பு விண்ணப்பம்

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துத்தான் அவள் சர்வர் அறைக்குள் வந்தாள். கணவர் பயன்படுத்திய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துத் தர வேண்டும். வேறு யாரோ கை வைப்பதைவிட நாமே செய்துவிடலாம் என்று கேட்டு வாங்கிய வேலை அது. அவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. பிரவுசரைத் தானாக ஓடவைக்கும் புரோகிராம்களை அவர் எழுதுவார். அவை சரியாக ஓடுகின்றனவா என்று அவள் சோதிப்பாள். அப்படித்தான் இந்த ஆபீஸில் இருவரும் எட்டு வருடம் ஓட்டினார்கள்.

ஏசி இரைந்துகொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடை. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர், கணவரின் நண்பர், அவர் மட்டும் துணைக்கு நின்றார்.

ஸ்விட்சைப் போட்டதும் திரையில் ஒரு ஜன்னல் தானாகத் திறந்தது. மகள் படிக்கும் பள்ளியின் விடுப்புப் படிவம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும். ஒவ்வொரு தடவையும் படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு, அதற்கும் ஒரு புரோகிராம் எழுதிவைத்த மகானுபாவர். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

கட்டங்கள் நிரம்பத் தொடங்கின.

புரோகிராம் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் நிரம்பிவிடும். இது எழுத்தெழுத்தாக வந்தது. மகளின் பெயரில் ஓர் எழுத்து பிசகியது. பெயர் முழுவதும் அழிந்து, முதலிலிருந்து மறுபடி வந்தது.

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். ஒரு பிழைக்காக மொத்தத்தையும் அழித்துவிட்டு எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவரை எத்தனை நாள் கேலி செய்திருக்கிறாள்.

"தம்பி, எந்த புரோகிராம் ஓடுதுன்னு பாருங்க."

சர்வர்காரர் குனிந்து பார்த்தார். "எதுவுமே ஓடல அண்ணி. வெளியில இருந்து யாரோ இயக்குறாங்க."

"நெட் கேபிளைப் பிடுங்குங்க."

பிடுங்கினார்.

எழுத்துகள் நிற்கவில்லை.

தொடங்கும் நாள், நாளை. முடியும் நாள் என்ற கட்டம் காலியாகவே விடப்பட்டது.

காரணம்: அப்பாவுடன் இருப்பாள்.

சர்வர்காரர் கேபிளைக் கையில் பிடித்தபடியே கதவுக்கு வெளியே போய்விட்டார். அவளும் ஓடியிருப்பாள். பெற்ற பிள்ளையின் பெயரை அங்கே விட்டுவிட்டு எப்படி ஓடுவது? பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. இருக்கும்போதும் சரி, எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கீபோர்டை இழுத்து, காரணத்தை அழித்துவிட்டு எழுதினாள்.

அவ சின்னப் பிள்ளை. விட்டுடுங்க.

கர்சர் அப்படியே நின்று துடித்தது.

"தனியா இருக்க முடியலையா?" என்று கிசுகிசுத்தாள். "அதுக்கு அவதான் கிடைச்சாளா?"

கர்சர் மேலே போனது. மகளின் பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. அந்த இடத்தில் வேறொரு பெயர் வந்தது.

சுண்டெலி.

வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அவர் அவளை மட்டும் கூப்பிடுகிற பெயர்.

அம்புக்குறி நகர்ந்து, 'அனுப்பு' என்ற பொத்தானின் மேல் நின்றது. அழுத்தவில்லை. முதல் முறையாக அவளைக் கேட்கிறார்.

மகளைத் தன் பிள்ளையாகவே பார்க்கும் தங்கையை அவள் நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. மவுஸின் மேல் கையை வைத்தாள். அது கதகதப்பாக இருந்தது.

அழுத்தினாள்.

பையில் கிடந்த போன் அதிர்ந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன் செய்தாள். "மிஸ், லீவ் லெட்டர் ஏதாவது வந்திருந்தா கணக்கில எடுத்துக்காதீங்க. பாப்பா நாளைக்குக் கண்டிப்பா வருவா."

"சரிங்க. வழக்கம்போல நீங்கதானே கொண்டுவந்து விடுவீங்க?"

"இல்லைங்க. இனிமே என் தங்கச்சி விடுவா."

"நீங்க வெளியூர் போறீங்களா?"

"ஆமாங்க," என்றாள்.

பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் மெத்தை, உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டதைப் போல, மெல்ல உப்பி மேலே வந்தது.