நெட்டைக்குப் பல்வலி

"அது என் புத்தகம்."

மழையில் ஓடி வந்த மூச்சோடு அவள் சொன்னது, ஆவணக் காப்பக வாசிப்பறை முழுக்கக் கேட்டுவிட்டது. மேசையில் இருந்தவன் நிமிர்ந்தான். அப்பப்பா... என்ன கண்கள். சண்டைக்கு வந்தவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எழுதினதா?"

"எங்க கொள்ளுத்தாத்தா அதுல இருக்கார். போன வாரமே கேட்டு வச்சிட்டுப் போனேன்."

"என் கொள்ளுத்தாத்தாவும் இதுலதான் இருக்கார். அவங்க ரெண்டு பேரும் உள்ள சண்டை போடாமத்தானே இருக்காங்க... நாம ஏன் போடணும்?"

காப்பாளர் அம்மா தலையைத் தூக்கினார். "ஒரே மேசையில உட்காருங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது."

உட்கார்ந்தார்கள். அது ஆற்றுத் துறையின் பழைய அன்றாடக் குறிப்பேடு. யார் படகு ஓட்டினார், யார் வரவில்லை... அவ்வளவுதான் இருக்கும். அவள் கணக்கு டீச்சர். அவன் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். இருவர் வீட்டிலும் தெரிந்ததெல்லாம் கொள்ளுத்தாத்தாவின் பெயரும், அவர் படகோட்டி என்பதும் மட்டும்தான். யார் முதலில் தன் ஆளைக் கண்டுபிடிப்பது என்று போட்டி வேறு. அதனால் அந்தப் பெயரை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைதோறும் பக்கங்கள் நகர்ந்தன. யாரோ துடுப்பை ஆற்றில் விட்டிருந்தார். யாரோ பாட்டுப் பாடித் திட்டு வாங்கியிருந்தார்.

"சத்தமா சிரிக்காதீங்க டீச்சர், துரத்திடுவாங்க."

அவன் அப்படிச் சொல்வதற்காகவே அவள் சிரித்தாள். வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்றுகூட யோசித்து வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை... இருவர் விரலும் ஒரே பெயரில் போய் நின்றன.

"இவரா உங்க..."

"உங்களுக்கும் இவர்தானா?"

அவள் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "அப்போ நம்ம தாத்தாங்க அண்ணன் தம்பி. அப்பாங்களும் அண்ணன் தம்பி முறை. அப்போ நீங்க எனக்கு..."

அவன் பையை எடுத்துக்கொண்டான். "வரேன்மா" என்றான். இத்தனை நாள் டீச்சர் என்று கூப்பிட்ட வாயிலிருந்து வந்த அந்த 'மா' அவளைக் குத்தியது.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. போன் செய்யவும் அவளுக்கு ரோஷம். தனியாகவே பக்கத்தைப் புரட்டினாள். அதே பெயர்: 'பல்வலி, வரவில்லை.' அதன் கீழேயே, அதே நாளில், அதே பெயர்: 'இரண்டு வேளையும் ஓட்டினார்.'

பல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தவர் எப்படிப் படகு ஓட்டுவார்? கணக்கு உதைத்தது. ஓரத்தில் மேலதிகாரி எழுதியிருந்தார்: 'ஒரே பெயரில் இருவர். இனி நெட்டை, குட்டை என்று குறிக்கவும். இன்று நெட்டைக்குப் பல்வலி, அவர் முறையையும் குட்டையே ஓட்டினார்.'

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

கடையில் அவன் ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்த வேகத்தில் வாசல் நிலையின் மேற்கட்டையில் தலையை இடித்துக்கொண்டான்.

"நீங்க நெட்டை வீட்டு ஆள்" என்றாள் மூச்சு வாங்க. "எங்க வீட்டுல எல்லாரும் என் உயரம்தான்." படம் எடுத்து வந்த பக்கத்தை நீட்டினாள்.

படித்தான். மறுபடியும் படித்தான். "இவங்களும் அண்ணன் தம்பியா இருந்துட்டா?"

"ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேர் வைப்பாங்களா?"

அந்தக் கண்களில் மெல்ல வெளிச்சம் ஏறியது. "டீச்சர்..." என்றான். அந்தப் பழைய டீச்சர்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "இதை அண்ணன் முறை ஆயிட்டவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா தூக்கமே இல்லை."

"எனக்கு அந்த முதல் நாளே... 'அது என் புத்தகம்'னு வந்து நின்னீங்களே, அப்பவே."

நனைந்த முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எங்க ஆள்தான் அன்னிக்கு உங்க ஆளுக்காகப் படகு ஓட்டியிருக்கார். உங்களுக்கும் பல்லு வலிச்சா சொல்லுங்க... நான் பார்த்துக்கறேன்."

"இப்பவே வலிக்குது" என்றான் அவன், அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு.