செம்பி ஒளித்த பால்

திங்கட்கிழமை சாயங்காலம் செம்பி பாலை ஒளித்துக்கொண்டாள். மடி நிறைந்து நரம்பு புடைத்துக் கிடந்தது. லோகேஸ்வரி எண்ணெய் தொட்டுக் காம்பை இழுத்தபோது ஒரே ஒரு சொட்டு வந்து விரலிடுக்கில் நின்றது. கன்றை அவிழ்த்துவிட்டுப் பார்த்தாள். அதுவும் நாலு முட்டு முட்டிவிட்டு ஏமாந்த முகத்தோடு ஒதுங்கிக்கொண்டது.

வேறு மாடாக இருந்தால் தீவனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். செம்பி அப்படியில்லை. கறக்கிற கையில் பயம் இருந்தால் மட்டும்தான் அவளுக்குப் பால் இறங்காது. முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றலாம், செம்பியை ஏமாற்ற முடியாது. உள்ளங்கை காம்பில் பட்டதும் தெரிந்துகொண்டு மடியை இறுக்கிக்கொள்வாள். பிறகு கழுத்தை வளைத்து, பயந்தவளின் முழங்கையைத் தோல் சிவக்கும்வரை மெதுவாக நக்கிக்கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் லோகேஸ்வரியின் புருஷன் ஐயாவு. ராத்திரி அடித்துவிட்டு மறுநாள் கறவை நேரத்தில் கொட்டகைக்கு வந்து நிற்பான். சில்வர் வாளியின் விளிம்பில் நாலு விரலை மாட்டித் தன் பக்கம் சாய்த்து, பால் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பான். அவன் போட்டிருந்த செப்பு மோதிரம் வாளியில் பட்டு டிங் என்று கேட்கும். பால் குறைந்திருந்தால் ஐயாவுக்கு அன்று பொழுது நல்ல பொழுது.

"ரெண்டு லிட்டருதானா? இன்னும் பயம் போகலையா?"

ஏழு வருஷம் அந்த வாளியை வைத்துத்தான் அவள் பயத்தை அளந்தான்.

போன நவம்பர் மழையில், வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் தோட்டத்துப் பெரிய கால்வாயில் விழுந்து ஐயாவு போய்ச் சேர்ந்தான். குடித்திருந்தான், கரை வழுக்கிவிட்டது, பக்கத்தில் யாருமில்லை என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் செம்பி வாளி வழிய வழியக் கொடுத்தாள். துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல் லோகேஸ்வரி ஒரு டம்ளர் எடுத்துச் சூடாகக் குடித்தாள். அன்றிலிருந்து எட்டு மாதம் ஒருநாளும் பால் குறையவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை அவளுக்கு முதலில் கோபம் வந்தது. எனக்கு என்ன பயம்? யாரைக் கண்டு பயம்? நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் சரியில்லை. செம்பி அவள் முழங்கையைத் தேடி வரவில்லை. தலையைத் தாழ்த்தி, காலி வாளியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தாள். உப்புக்காக இருக்கும் என்று லோகேஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் பால் இல்லை. கொசுவுக்குப் போட்ட தேங்காய்மட்டை மூட்டம் கொட்டகை முழுக்கப் பரவி நிற்க, வெளியே செம்பனை ஓலைகளுக்கு அடியில் நாலு மணிக்கே பொழுது மங்கியதுபோல் இருக்க, மடியில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த லோகேஸ்வரிக்கு முழங்கால்களுக்கு நடுவே இருந்த வாளியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டிங். வளையல் பட்டிருக்கும் என்று கையைப் பார்த்தாள். அவள் வளையல் போடுவதை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

புதன்கிழமை கோலசிலாங்கூரிலிருந்து மாட்டு டாக்டர் டொரீனை வரவழைத்தாள். டொரீன் மடியை அமுக்கிப் பார்த்தார், சூடு பார்த்தார், சாணத்தைக்கூட விடவில்லை. மடிவீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, மாடு கல்லுமாதிரி இருக்கிறது என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே லோகேஸ்வரியைப் பார்த்தார்.

"அக்கா, நம்ம மனசுல இருக்கறது மாட்டுக்குத் தெரியும். வேர்வை வாசத்துலயே கண்டுபுடிச்சிரும். இங்க யாரோ ரொம்பப் பயந்து போயிருக்காங்க. நீங்களா?"

"நான் இல்ல டாக்டர்."

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

டொரீன் நம்பினாரா இல்லையா தெரியவில்லை. மனசு சரியில்லை என்றால் போன் பண்ணச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் கார் போன சுவடு காய்வதற்குள் ஐயாவுவின் தம்பி சரண் புக்கிட் ரோத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். செம்பிக்குப் பால் நின்றுவிட்டது என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். மாடு அண்ணனுடையது, அண்ணனுக்குப் பிறகு தனக்குத்தான், பால் இல்லாத மாட்டைக் கறிக்கு அனுப்புவதுதான் வழக்கம் என்று நியாயம் பேசினான். வெள்ளிக்கிழமை நாலரைக்கு லோரி வரும் என்றான்.

"அதுக்குள்ள பால் வந்துட்டா?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

"வந்துட்டா நான் ஏன் லா கேக்கப் போறேன், அண்ணி? நீங்களே வச்சுக்குங்க."

அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளுக்காகக் கழுத்தை வளைத்த ஒரே உயிர் செம்பிதான். அவளைக் கயிறு கட்டி லோரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? தன்னைக் கொன்றுபோட்டுவிட்டு ஏற்றட்டும் என்று லோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வாளி நிமிர்ந்து நின்றது. அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். தேத்தண்ணி நிறம். அழுகிய செம்பனை மட்டையும் சேறும் கலந்த வாடை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாளியைக் கால்வாயில் வீசிவிட்டு வேறு ஒன்று வாங்கிக்கொள் என்று மனசின் ஒரு மூலை கெஞ்சியது. மாற்றினால் தோற்றதாகிவிடும். தண்ணீரைக் கொட்டினாள், சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், அதே வாளியோடு உட்கார்ந்தாள். பால் வரவில்லை. செம்பி மறுபடியும் விளிம்பையே நக்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு மழை இறங்கியபோது தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் கன்று கத்துவதுகூடக் கேட்கவில்லை. ஈர வைக்கோல், மூட்டப் புகை, சாணம் என்று கொட்டகைக்கு உரிய வாடைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அமிழ்ந்து, அவற்றுக்கு மேலே கால்வாயின் வாடை எழுந்து வந்து, அவள் தொண்டையில் உட்கார்ந்தது.

ஐயாவு போன அன்றைக்கும் இதே மழை. இதே வாளி கையில் இருந்தது. புல் அறுத்துக்கொண்டு திரும்பியவளைத் துரத்திக்கொண்டு வந்தவன் கரையில் வழுக்கினான். தண்ணீர் அவனை இழுத்தது. கரைப்புல்லை நாலு விரலால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். அந்த முகத்தில் பயத்தை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். குனிந்து கையை நீட்டினால் போதும். அவள் குனியவில்லை. புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும்வரை நின்று பார்த்தாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வாள்.

காம்பைப் பிடித்தாள். கல்.

டிங்.

லோகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

வாளியின் விளிம்பில் நாலு விரல்கள் இருந்தன. வெளியிலிருந்து சாய்க்க வந்த விரல்கள் இல்லை. உள்ளேயிருந்து மேலே வந்தவை. ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, நகக்கண்ணில் சேறும் புல்லும். நடுவிரலில் செப்பு மோதிரம். வாளிக்குள் அடி தெரியவில்லை. தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

விரல்கள் நடுங்கின.

செம்பி தலையைத் தாழ்த்தினாள். நக்கினாள். மெதுவாக. ஒவ்வொரு விரலாக. லோகேஸ்வரியின் முழங்கையை எப்படி நக்குவாளோ, அப்படியே.

அப்போதுதான் புரிந்தது. நாலு நாளாகக் கொட்டகையில் இருந்த பயம் அவளுடையது இல்லை.

"அடி செம்பி, அவனுக்குமா?"

அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் ஒரே நாக்கு என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் செம்பியிடம் என்ன கோபப்படுவது? அவளுக்கு நியாயம் தெரியாது. பயந்தவர்களைத்தான் தெரியும்.

லோகேஸ்வரிக்கும் பயம் வந்தது. இல்லை என்றால் பொய். கால்கள் எழுந்து ஓடு என்றன. எழுந்தால் லோரி. எழுந்தால் கயிறு. எழுந்தால் நாளைக்கும் அவன் அளப்பான்.

எழவில்லை.

நெற்றியைச் செம்பியின் வயிற்றில் பதித்தாள். உள்ளே அந்தப் பெரிய இதயம் நிதானமாக அடிப்பது கேட்டது. அதற்கு ஏற்றாற்போல் மூச்சை விட்டாள். ஒன்று. இன்னொன்று. பிறகு, உயிரோடு இருந்தவரை "நீங்க" என்று மட்டுமே கூப்பிட்டவனிடம், வாளிக்குள் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் உனக்குப் பயம் போகலையா?"

விரல்கள் அசையாமல் நின்றன.

செம்பி வாளியிலிருந்து தலையை எடுத்தாள். கழுத்தைத் திருப்பி, லோகேஸ்வரியின் முழங்கையை ஒருமுறை முகர்ந்தாள். நக்கவில்லை. பெருமூச்சு விட்டாள். மடி தளர்ந்தது.

சர்ர்.

பால் வந்தது. சூடாக, கனமாக, இரண்டு கையிலும். மழையையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. பழுப்புத் தண்ணீர் மேல் வெள்ளை விழுந்து பரவியது. நுரை கட்டியது. ஏறியது. விரல்களின் முதல் கணுவைத் தொட்டது. விரல்கள் விளிம்பை இறுக்கின. மோதிரம் தட்டியது. டிங். டிங். டிங். டிங்.

வாசலில் லோரி ஹாரன் அடித்தது. குடையை மடக்கிக்கொண்டு சரண் கொட்டகை வாசலில் வந்து நின்றான். அங்கிருந்து பார்த்தால் அவள் முதுகும் மாட்டின் வயிறும்தான் தெரியும்.

"அண்ணி, பால் வருதா?"

"வருது" என்றாள் திரும்பாமல். "நிறைய வருது."

அவன் வாசலோடு திரும்பினான். லோரியைத் திருப்பச் சொல்லும் குரல் மழைக்குள் கேட்டது. வாளியில் பால் விளிம்புக்கு வந்துவிட்டது. நாலு விரலும் வெள்ளைக்குள் போய், நகங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நுரைக்கு அடியில் வாய் மாதிரி ஒன்று திறந்து திறந்து மூடியது.

லோகேஸ்வரி பார்த்துக்கொண்டே கறந்தாள். இன்னும் இரண்டு காம்பு பாக்கி இருந்தது.