மன்னனின் தாய் சுமந்த இரும்பு

வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை. அதுதான் ஹால்டிஸுக்கு முதலில் உறுத்தியது.

காலையில் நிதாரோஸ் பேராலயத்தில், ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கரியடுப்பிலிருந்து எடுத்த பழுக்கக் காய்ந்த இரும்பை வலது கையில் ஏந்தி அவள் ஒன்பது அடி நடந்தாள். ஒன்பதாவது அடியில் அதைத் தொட்டிக்குள் போட்டபோது அதிலிருந்த வைக்கோல் குப்பென்று பற்றிக்கொண்டது. ஆயர் அவள் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது முறை. விரல்களை மடக்கி, வெள்ளைத் துணியை மணிக்கட்டு வரை சுற்றோ சுற்றென்று சுற்றி, முடிச்சின் மேல் மெழுகு ஊற்றி முத்திரை வைத்தார். மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் அவிழ்ப்பார்கள். புண் ஆறிச் சுத்தமாக இருந்தால் அவள் சொன்னது சத்தியம். சீழ் பிடித்திருந்தால் பொய்.

அவள் சொன்னது இதுதான்: மூன்று ஆண்டுகளாக அரசாளும் ஆஸ்லாக், மறைந்த எய்வின்ட் மன்னருக்கு நான் வயிற்றில் சுமந்து பெற்ற மகன்.

வடிகட்டின பொய்.

அந்த நாட்டில் ஓர் அரசன் செத்தால் அழுது முடிப்பதற்குள் நான்கு பேர் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். பட்டத்தரசி பெற்றால் என்ன, பால் கறக்கிறவள் பெற்றால் என்ன, அரசன் மகன் அரசன் மகனே. ஆஸ்லாக்கும் வளர்ந்த பிறகு அப்படி வந்தவன்தான். வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒழுங்கான உறக்கம் கிடையாது. மூன்று போட்டியாளர்களைப் போரில் முடித்தான். நான்காவது ஆள் லேசில் விடுகிறவர் இல்லை. எய்வின்ட்டின் தங்கை மகன், பிரபு துரோன்ட், ஆற்றுக்கு அக்கரையில் எண்ணூறு பேரோடு கூடாரம் அடித்திருந்தார். இரு தரப்பும் ரத்தம் சிந்திச் சலித்துப்போய் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. தாய் இரும்பு சுமக்கட்டும். கை சுத்தமானால் துரோன்ட் மண்டியிடுவார். இல்லையென்றால் ஆஸ்லாக் தன்னை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவனுக்கு என்ன நடக்கும் என்று அங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே இப்போது அவள் கை அழுகிக்கொண்டிருக்க வேண்டும். கொப்புளம் கட்டி, தோள்வரை தெறித்து, அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வலிக்காகத்தான் மூன்று வாரமாக மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனால் ஆலயத்தை ஒட்டிய சின்னக் கற்சுவர் அறையில் மர இருக்கையில் உட்கார்ந்தபடி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், வலி வரவே இல்லை.

வாசலில் இரண்டு காவலர்கள். அரசன் தரப்பு ஆள் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். துரோன்ட் தரப்பில் வந்த கோல்பைன் விழித்திருந்தான். அவனுக்கு வாயும் விழித்திருந்தது.

"என்ன ராஜமாதா, சத்தத்தையே காணோம்? எங்க ஊர்ல ஒருத்தி, மாடு திருடலன்னு சத்தியம் பண்ணி இரும்பு தூக்கினா. மூணு நாளும் ஒரே ஓலம். ஊர்க் கோழிகூட முட்ட போடல."

"உங்க ஊர்க் கோழிக்கு வேற கவலை இருந்திருக்கும்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "நெசமாவே வலிக்கலியா?" என்றான்.

அது நடுக்கோடை. சூரியன் மலைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திவிட்டு உடனே நிமிர்ந்துவிடும் காலம். ஒளிந்துகொள்ள இருட்டே கிடையாது. சன்னலின் குறுகிய பிளவு வழியாக மீன் காய்கிற வாடையும் மிதித்த புல்லின் மணமும் ஆற்றங்கரைத் தச்சர்கள் படகில் ஆணி அடிக்கும் ஓசையும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இடையே, எங்கிருந்து என்று தெரியாமல், இன்னொரு வாசனை. பைன் பிசின். புதுப் பனி. ஹால்டிஸ் கட்டுப்போட்ட கையை மூக்கருகே கொண்டுபோனாள். அங்கிருந்துதான் வந்தது. துணி சில்லென்று இருந்தது.

அதன் பிறகுதான் உள்ளங்கையில் ஏதோ இருப்பதை உணர்ந்தாள். துணி சுருண்டிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். ஆள்காட்டி விரலை லேசாக அசைத்தாள். உள்ளே இருந்தது அந்த விரலைப் பற்றிக்கொண்டது. ஐந்து சின்ன விரல்கள். பிறந்து பதினோரு நாளான பிள்ளையின் பிடி.

எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு நாள்தான் அவன் இருந்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், எய்வின்ட் கொல்லப்பட்ட சேதி வந்த அன்றே அவருடைய பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு தோவ்ரே மலை ஏறினாள். பின்னால் வேட்டை நாய்கள். மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. பிறகு அசையவில்லை. உதடு நீலமாகிவிட்டது. ஒரு பைன் மரத்தடியில் கையாலேயே பனியைத் தோண்டி, அவனைக் கிடத்தி, மூடிவிட்டு நடந்தாள். பத்தடி போயிருப்பாள். பின்னால் மெலிதாக ஒரு முனகல். காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீழே நாய்கள் குரைத்தன. அவள் திரும்பவில்லை.

மலையடிவாரத்துப் பண்ணையில் ஒருத்தி பிரசவத்திலேயே செத்திருந்தாள். அவள் பெற்றது பசியில் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் ஹால்டிஸின் மார்பு தானாகச் சுரந்தது. அவனைத் தூக்கியவள் பிறகு இறக்கி வைக்கவே இல்லை. பெறவில்லைதான். ஆனால் அம்மை போட்டபோது முப்பது நாள் தூங்காமல் கிடந்தது அவள். உலகத்திலேயே அவளுக்கென்று இருந்தது அந்த ஒருவன்தான். அவனுக்காகப் பொய் சொல்வதில் அவளுக்குக் கூச்சமே இல்லை.

ஆனால் காலையில், இரும்பின் செவ்வொளி முகத்தில் அடித்தபோது, துணைக்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. பொய்ச் சத்தியம் செய்துவிட்டுக் கடவுளைக் கூப்பிட முகம் இல்லை. வேறு யாரைக் கூப்பிடுவாள்? மனத்துக்குள், பனியில் விட்டுவந்தவனைத்தான் கூப்பிட்டாள். 'கண்ணு, அம்மாவால தனியா முடியாது. நீதான் அவரோட பிள்ளை. வந்து கூடப் பிடி.'

வந்திருக்கிறான்.

அவள் அழுதாள். பயத்தில் மட்டுமில்லை. கட்டின் மேல் முத்தமிட்டு, இத்தனை வருடமாகச் சொல்லாத பெயர்களையெல்லாம் சொல்லி அழுதாள்.

இரண்டாம் நாள் அந்தச் சின்னக் கை சூடாகத் தொடங்கியது.

முதலில் இதமான சூடு. மதியத்துக்குள் கொதித்தது. அவள் விரலைப் பற்றியிருந்த ஐந்து விரல்களும் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டின. தொட்டால் வழுக்கியது. ஏதோ உடைந்து ஈரம் பரவியது. வாசனையும் மாறியது, பைன் மணம் போய், வாட்டிய இறைச்சியின் நாற்றம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நேற்றுக் காலையில் இரும்புக்கும் தன் உள்ளங்கைக்கும் நடுவில் இருந்தது எது என்று.

பெற்ற பிள்ளையின் கையில் அல்லவா அதை வைத்து ஒன்பது அடி நடந்திருக்கிறாள்!

முனகல் கேட்டது. இப்போது காற்று என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அது மடியிலிருந்து வந்தது.

உப்பும் பார்லி ரொட்டியும் கொண்டுவந்த வயதான பாதிரியார் போட்டால்ஃப் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரம்மா தாலாட்டுறே?"

அவள் கையை ஆட்டுவதை நிறுத்தினாள். "வலிக்குது சாமி. அதான்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். "சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கு அவுத்தப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்?"

சொல்லிவிடலாம். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டை இப்போதே அவிழ்ப்பார்கள். குளிர்ந்த தண்ணீர் கேட்கலாம். அந்தச் சின்னக் கையைத் தண்ணீரில் வைக்கலாம். அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா!"

சன்னலுக்கு வெளியே ஆஸ்லாக். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை. அரசன்தான், ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தத்தான் முடியும்.

"சாப்டியாம்மா?"

"உப்பும் ரொட்டியும். உன் ராஜாங்கத்து விருந்து."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "அம்மா, யார்கிட்டயும் சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி எல்லாம் கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன். பேசாம வைக்கோல் வெட்டிக்கிட்டு எங்கயாவது கிடந்திருக்கலாம்."

"நான் இருக்கேன்ல. போய்த் தூங்கு."

அவன் பேசத் தொடங்கியதும் முனகல் நின்றிருந்தது. கட்டுக்குள் எதுவும் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது. அவள் "போய்த் தூங்கு" என்று சொன்னபோது, வெந்த ஐந்து விரல்களும் எலும்பு நொறுங்கும் அளவுக்கு அவள் விரலை இறுக்கின.

ஹால்டிஸ் பாதிரியாரைப் பார்த்தாள். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சாமி."

அவர் போன பிறகு கட்டின் மேல் குனிந்து, "பொறுத்துக்கடா. இன்னும் ஒரே நாள்" என்றாள். இரண்டாவது முறையாக அவனை விட்டுவிட்டு நடந்தாள். அவளுக்கே அது தெரிந்தது.

அதன் பிறகு அது முனகவில்லை. கனக்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் தாங்கி நடந்தாள். பேராலயம் நிறைந்திருந்தது. மெழுகுத் திரிகள். வியர்வை. ஈரக் கம்பளி. ஒருபுறம் துரோன்ட், பெரிய தாடி, அசையாத கண்கள். மறுபுறம் ஆஸ்லாக், நெற்றியில் பொன் வளையம், சுண்ணாம்பாய் வெளுத்த முகம்.

ஆயர் முத்திரையைக் காட்டினார். கோல்பைன் பார்த்து, உடையவில்லை என்று தலையசைத்தான். மெழுகு உடைந்தது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

துணியில் கறை இல்லை. ஈரம் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிச் சுற்று. அவள் விரலைப் பிடித்திருந்தது பிடியை விட்டது.

மெள்ள. ஒவ்வொரு விரலாக.

"பாருங்கள்!" என்று ஆயர் கூவினார்.

அவள் உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. பேராலயம் இடிந்துவிடும் போல் சத்தம். துரோன்ட் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு வாளைக் கழற்றித் தரையில் வைத்து மண்டியிட்டார். கோல்பைன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆஸ்லாக் ஓடிவந்து அவள் காலடியில் விழுந்து, அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக விம்மினான். பிழைத்துவிட்டான். என் பிள்ளை பிழைத்துவிட்டான். ஒரு மூச்சு நேரம் அவளும் அதை நம்பினாள்.

ஆயர் அவிழ்த்த துணியைத் திரட்டி அரசனிடம் நீட்டினார். அரச பரம்பரைக்குச் சாட்சி. கருவூலத்தில் வைத்துக் காக்க வேண்டியது. ஆஸ்லாக் எழுந்து ஒரு கையை நீட்டி வாங்கினான். கை தாழ்ந்தது. மறு கையையும் கொடுத்தான்.

"என்னம்மா, இந்தக் கனம் கனக்குது!"

கூட்டம் சிரித்தது. அவன் தன்னை அறியாமல் துணியை மார்போடு அணைத்து, அடியில் ஒரு கையை வைத்துத் தாங்கிக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் லேசாக ஆட்டவும் தொடங்கினான்.

கீழே போடு. கீழே போடுடா.

அவளுக்குக் குரல் வரவில்லை.

உள்ளே என்ன என்று பார்க்க ஆஸ்லாக் தலையைக் குனிந்தான். மடிப்பு விலகியது. தோல் உரிந்து, கருகி, ஒன்றோடொன்று ஒட்டிய ஐந்து சின்ன விரல்கள் மேலே வந்தன. காற்றில் துழாவின. அவன் கன்னத்தைத் தடவின. நெற்றிக்கு ஏறின. பொன் வளையத்தைப் பற்றிக்கொண்டன.

ஆஸ்லாக்கின் சிரிப்பு அப்படியே நின்றது. நிமிரப் பார்த்தான். முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தான். கழுத்து நரம்புகள் புடைத்தன. தலை இன்னும் தாழ்ந்தது, இன்னும், துணிக்குள் முகம் புதையும் வரை. மன்னன் தன் தாயின் சாட்சியை முத்தமிடுகிறான் என்று எண்ணி, கூட்டம் வாழ்க வாழ்க என்று கூவிக்கொண்டே இருந்தது.