கண்ணாடியைக் கேட்டால் தெரியும்

"மேடம்... கொஞ்சம் அவசரங்க... இன்னிக்கே வேணும்..."

அந்த ஆள் அப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தது, சுவரில் ஒட்டியிருந்த கூலிங் கிளாஸ் விளம்பரப் பெண்ணிடம்!

மேஜைக்குப் பின்னால் நின்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், அவங்க பதில் சொல்ல மாட்டாங்க. நான் இங்க இருக்கேன்."

அவன் கண்ணைச் சுருக்கி, குரல் வந்த பக்கம் திரும்பி, அசடு வழிந்தான். அடடா... அந்தக் கண்கள்! தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் மாதிரி, எதையும் ஒளிக்கத் தெரியாத கண்கள். அண்ணனின் கண்ணாடிக் கடையில் தினமும் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள்தான். ஆனாலும் இந்த ஜோடி அவளைக் கொஞ்சம் தடுமாற வைத்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து வைத்தான். நசுங்கிக் கிடந்தது, பாவம்.

"எப்படி ஆச்சு?"

"தூக்கத்துல மேல படுத்துட்டேங்க."

"மேல படுத்தா காதுக் கம்பி விரியும். இது நடு மூக்குல வளைஞ்சிருக்கு. யாரோ நேரா குத்தியிருக்காங்க. அடிதடியா சார்?"

அவன் காது மடல் சிவந்தது. "கண்ணாடியைச் சரி பண்ணச் சொன்னா ஜோசியம் பாக்குறீங்களே!"

அடுத்த முறை வில்லையில் விரிசல். 'கீழ போட்டுட்டேன்' என்றான். கல் பட்ட விரிசல் அவளுக்குத் தெரியாதா என்ன? மனசுக்குள் அவனுக்கு 'உடைசல்' என்று பெயரே வைத்துவிட்டாள். உள்ளே வில்லை தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன், அவன் போனதும் பொரிந்து தள்ளினான்.

"ரவுடிப் பயலாட்டம் இருக்கு. அந்த ஆளைக் கண்டா உன் முகம் ஏன் இப்படிப் பூக்குது?"

"போண்ணா! கடைக்கு வர்றவங்களைப் பாத்து அழவா முடியும்?"

மூன்றாம் முறை அவன் வந்தபோது அவளுக்குப் பூக்கத் தோன்றவில்லை. உடம்பில் ஆம்புலன்ஸ் சீருடை. புருவத்தில் பிளாஸ்திரி. கையில் இரண்டு துண்டாய்க் கண்ணாடி.

"ஆம்புலன்ஸ்லயா இருக்கீங்க?" என்று கேட்டாள் அவள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. "மயங்கிக் கிடந்த ஒருத்தரைத் தூக்கினேன்... முழிச்சதும் விட்டாரு பாருங்க ஒரு குத்து! அது முதல் தடவை. அப்புறம் வண்டி லேட்டுன்னு கல்லெறிஞ்சாங்க. நேத்து... ஒருத்தரைக் காப்பாத்த முடியலைங்க. அவரோட மகன் என்னை..." கொஞ்சம் நிறுத்தினான். "அவங்க மேல கோபம் வர மாட்டேங்குது. பயந்து போனா கை நீண்டுடுது. அம்மாவுக்குத் தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாங்க. அதான் படுத்துட்டேன், போட்டுட்டேன்னு..."

"வேலையை விட்டுடுங்க!"

வாய் தவறி வந்துவிட்டது. வந்ததை விழுங்கவா முடியும்?

"இன்னிக்குப் புருவம். நாளைக்குக் கண்ணுல பட்டா?"

"அது மட்டும் முடியாதுங்க." அவன் அவளையே பார்த்தான். "ஆமா... இதை என்ன உரிமையில சொல்றீங்க?"

மெதுவாகத்தான் கேட்டான். அவளுக்கோ சுருக்கென்று தைத்தது.

"ஒரு உரிமையும் இல்ல. நான் வெறும் கடைக்காரிதானே!"

சரி செய்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

அதன் பிறகு உடைசல் வரவே இல்லை. கண்ணாடி உடையவில்லை என்றால் நல்லதுதானே? நல்லதுதான்... அப்புறம் ஏனடி ஒவ்வொரு சைரனுக்கும் வாசலுக்கு ஓடுகிறாய், பைத்தியமே?

ஒரு மாலை, கொட்டுகிற மழை. கடைக்கு எதிரிலேயே ஒரு பைக் சறுக்கி விழுந்தது. ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இறங்கி ஓடியவன்... அவனேதான்! அடிபட்டவனின் தொடையிலிருந்து ரத்தம் பீறிட, அவன் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தான். ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள், அடிபட்டவனோடு பைக்கில் வந்த அவன் அண்ணன் பாய்ந்து இவன் சட்டையைப் பிடித்தான்.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதாடா?"

கண்ணாடி தெறித்துச் சேற்றில் விழுந்தது. அடி விழப் போகிறது என்று தெரிந்தும் அவன் காயத்திலிருந்து கையை எடுக்கவில்லை. இவன் ஏன் இந்த வேலையை விட மாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. குடையோடு ஓடி நடுவில் நின்றாள்.

"அவர் கையை எடுத்தா உங்க தம்பி உயிர் போயிடும்! சட்டையை விடுங்க... இந்தாங்க, குடையைப் பிடிங்க!"

அந்த மனிதன் ஒரு கணம் திகைத்தான். பிறகு குடையை வாங்கித் தம்பிக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதான். அவள் சேற்றில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் தாவணி நுனியால் துடைத்து, காயத்தை அழுத்திக்கொண்டிருந்தவன் முகத்தில் மாட்டிவிட்டாள். விரல் நுனி அவன் காதில் பட்டது.

"தெரியுதா?"

"தெரியுது..." என்றவன் அவளை ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டுக் காயத்தின் பக்கம் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை கடைக்கு வந்து நின்றான். கண்ணாடி தனி, காதுக் கம்பி தனி!

அவள் பதறிப்போய் முதலில் முகத்தைப் பார்த்தாள். புதுக் காயம் எதுவும் இல்லை. பிறகு கண்ணாடியைப் பார்த்தாள்.

"அந்தப் பையன்?"

"பிழைச்சிட்டாருங்க."

"நல்லது. இது எப்படி ஆச்சு?"

"கூட்டத்துல யாரோ இடிச்சு..."

"ஸ்க்ரூ எங்க?"

அவன் பையிலிருந்து ஒரு குட்டிக் காகிதப் பொட்டலம் வந்தது.

"இடிச்சவரே கழட்டிப் பொட்டலம் கட்டிக் குடுத்தாராக்கும்?"

மாட்டிக்கொண்டான்! "நான்தாங்க கழட்டினேன். உடையாம இங்க வர வேற காரணம் கிடைக்கல... அன்னிக்கு உரிமையைக் கேட்டது சண்டைக்கு இல்லைங்க. அந்த உரிமையை எடுத்துக்கோங்கன்னு சொல்லத்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வேலையை மட்டும் விடச் சொல்லாதீங்க."

உள்ளேயிருந்து அண்ணன் வெளியே வந்தான். "நல்லவரா இருக்கலாம் சார். ஆனா இவ தினமும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். நாளைக்கு அடிபடாதுன்னு என்ன நிச்சயம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிச்சயம் இல்லண்ணா," என்றாள் அவள். "பயமாத்தான் இருக்கும். இவர் வராம இருந்தப்பவும் பயமாத்தான் இருந்துச்சு."

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அவள் ஸ்க்ரூவை முடுக்கினாள். கயிற்றைக் கோத்து, அவன் தலைக்குப் பின்னால் இறுக்கினாள்.

"இனிமே விழாது. ஆனா படுத்துட்டேன், போட்டுட்டேன் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். எங்க அடிபட்டாலும் என்கிட்ட நெஜத்தைச் சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்ப, முன்ன சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் சுவரிலிருந்த விளம்பரப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இவளை நேராகப் பார்த்தான்.

"பிடிச்சிருக்கு. இந்தத் தடவை ஆள் மாறலைங்க..."

"எனக்கும்தான்," என்றாள் அவள்.