கழற்றிப் போட்ட கூரை

கூரை இல்லாத காரில் அவளுக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது.

அப்படிக் கேட்கக் கூடாது. வேறு யாருக்கும் இது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. ஆனால் அவள் பிழைப்பே காதுதான். ஆஸ்பத்திரி மாடியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த, அலமாரியைவிடக் கொஞ்சமே பெரிய ஓர் அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. அந்த அறையின் கதவைச் சாத்தியதும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெளியுலகம் சட்டென்று தூரப் போய்விடும்; சொந்த மூச்சு, எச்சில் விழுங்குவது, சட்டைக் கை உரசுவது எல்லாம் காதோரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடைத்த இடத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் அதைச் சொல்லிவிடுவாள்.

இப்போது அவள் கண்கள் திறந்துதான் இருந்தன. தலைக்கு மேல் மேகம் மூடிய வானம் தெரிந்தது, அதன் ஓரத்தில் சூரியன் போனபிறகு மிச்சமிருந்த அழுக்கு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, சாலையோர மரக்கிளைகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே வந்து பின்னால் ஓடின. கார் போகிற வேகத்துக்குக் காற்று முகத்தில் அறைய வேண்டும். கொண்டை கலைய வேண்டும். நெற்றியில் தொங்கிய ஒற்றை முடிகூட அசையவில்லை. 'காற்று விழுந்துவிட்டது போல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓடுகிற வண்டியில் காற்று எப்படி விழும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

கார் அவளுடையது அல்ல, அண்ணனுடையது. கூரையை மடித்து வைக்கிற கன்வெர்டிபிள் ஒன்றுக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்ட பைத்தியம் அவன். வெயிலோ பனியோ, திறந்துபோட்டுக்கொண்டுதான் போவான். "தலைக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது, பாஸ் உட்பட" என்பான். ஒரே ஒரு நாள், பெருமழை என்பதால், கூரையை மூடிக்கொண்டு இந்த நீர்த்தேக்கச் சாலையில் வந்தான். வளைவில் வண்டி வழுக்கிச் சரிவில் இறங்கியது. கவிழக்கூட இல்லை. நான்கு சக்கரமும் ஊன்றி, யாரோ நிறுத்திவிட்டுப் போனது போலத் தண்ணீருக்குள் நின்றிருந்தது. கதவுகளைத் தண்ணீரின் பாரம் திறக்க விடவில்லை. கூரையின் மோட்டார் செத்துவிட்டது. கூரைக்கு மேலே இருந்தது ஒரு சாண் தண்ணீர்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அம்மாவால் அப்படி விட்டுவிட முடியவில்லை. கையை விரித்து, கட்டைவிரலில் இருந்து சுண்டுவிரல்வரை பார்த்துப் பார்த்து அழுதாள். "அந்த வண்டி ஊரைவிட்டுப் போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். பக்கத்து ஊரில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கணவன் வேலை விஷயமாக வெளியூரில். மகளை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே அவளும் மகளும் இந்தச் சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊருக்குப் போக வேறு சாலை கிடையாது.

வண்டியை ஓடவைத்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணனின் சிநேகிதர். அவரை எப்போதும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். சொந்த அண்ணன் போனபிறகு அந்த வார்த்தை நாக்கில் வருவதில்லை.

"கூரையை அடியோட கழட்டிப் போட்டுட்டேம்மா" என்றார் அவர். பட்டறை மூலையில் கறுப்புத் துணியும் வளைந்த சட்டமும் குவிந்து கிடந்தன. "வாங்கறவர் புதுசா போட்டுக்குவார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கல."

"மழை வந்தா என்ன செய்றது?"

"அதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்மா. கூரை இல்லாத வீட்டுல ஒட்டடை அடிக்கிற வேலையாவது மிச்சம்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "இனிமே இதை யாராலயும் மூட முடியாது. நீ பயப்படாம ஓட்டு."

இனிமேல் யாராலும் மூட முடியாது. அந்த வார்த்தையை நம்பித்தான் குழந்தையைப் பின்சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினாள்.

இப்போதுதான் உறைத்தது, குழந்தை பேசவே இல்லை. வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடி. தூக்கத்திலும் பேசுகிற பிறவி. அந்த வளைவுவரை 'அந்த மாடு ஏன் தனியா நிக்குது, மேகம் ஏன் நம்மகூடவே வருது' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டு வந்தவள், அதன் பிறகு கப்சிப்.

"வாயாடி, தூங்கிட்டியா?"

"இல்லம்மா." குரல் மிக அருகில் கேட்டது, காதுக்குள் சொன்னது போல. "அம்மா, நான் கரெக்டாத்தானே சொன்னேன்?"

"என்னடி சொன்ன?"

"மாமா 'வரேன்'னு சொன்னாங்க. நான் 'போங்க'ன்னு சொல்லவே இல்ல. 'வாங்க'ன்னு சொன்னேன்."

அவள் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து விலகியது. கார் தானாகவே மெதுவானது.

போன மாதம் வீட்டுக்கு வந்த நாத்தனார் புறப்படும்போது 'வரேன்டா கண்ணு' என்றாள். வாயாடி 'சரி, போங்க' என்று கதவைச் சாத்தப் போனாள். நாத்தனாரின் முகம் சுருங்கியது. அன்று ராத்திரி மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: போகிறவர்கள் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், வரேன் என்றுதான் சொல்வார்கள், யார் வரேன் என்றாலும் நாம் வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். போகிறவர்கள் சொல்கிற வார்த்தையும் வருகிறவர்கள் சொல்கிற வார்த்தையும் ஒன்றாக இருப்பது ஒரு மரியாதை என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

"எங்கடி சொன்னாங்க?"

"வெள்ளை வெள்ளையா கல்லு நட்டிருந்துச்சே, அங்க. தண்ணிகிட்ட."

அண்ணன் விழுந்த இடத்தில் சாலையோரம் புதிதாக நட்ட தடுப்புக் கற்கள் அவை. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தாள். குழந்தை பார்த்திருக்கிறது.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். குழந்தை மட்டும்தான். பக்கத்து சீட்டைப் பார்க்கத் துணிவு வரவில்லை, பார்த்தாள், காலி. சீட்டின் துணி மட்டும் நனைந்து கறுத்திருந்தது. பாசி வாடை வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த தொட்டியின் மூடியைத் தூக்கினால் வருமே, அந்த வாடை.

மழை தொடங்கியது.

முன்கண்ணாடியில் பெரிய பெரிய துளிகள் விழுந்து உடைந்தன. சாலை கறுத்தது. இரண்டு பக்கமும் மரங்கள் சலசலத்தன. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நனையக் காத்திருந்தாள். ஒரு துளி விழவில்லை. தலைக்கு மேலே, வெறும் வானத்தில், ஒரு கை உயரத்தில், மழை டொப் டொப் என்று விழுந்து தெறித்தது. இழுத்துக் கட்டிய துணியின் மேல் விழுகிற சத்தம். அந்தச் சத்தத்தில் அவள் காது ஏமாறாது.

"ஹை! நனையவே இல்ல!" வாயாடி கை தட்டினாள்.

அவள் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்தாள். மெதுவாக உயர்த்தினாள். கண்ணுக்கு வானம்தான் தெரிந்தது. விரல்நுனியில் துணி தட்டுப்பட்டது. சொதசொதவென்று ஈரமான, விறைப்பான துணி. தொட்ட இடம் கொஞ்சம் மேலே எழும்பி, பாரத்தோடு திரும்ப அமுங்கியது.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். எல்லா விளக்குகளையும் எரியவிட்டாள். கதவைத் திறக்கப் பார்த்தாள். பூட்டு விடுபட்டது, கதவு நகரவில்லை. தோளால் இடித்தாள். வெளியே இருந்து ஒரு பெரும் பாரம் பொறுமையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. காலடியில் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை தண்ணீர்.

பின்னால் சாய்ந்து குழந்தையின் பெல்ட்டைக் கழற்றினாள். விரல்கள் வழுக்கின. வாயாடியை அள்ளி முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையை மட்டும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டால் போதும். தான் இருந்தாலும் பரவாயில்லை. நேர்மேலே வானம். தூக்கினாள். குழந்தையின் தலை துணியில் முட்டியது.

"ஆ! அம்மா, வலிக்குது!"

மறுபடி தூக்கினாள். மறுபடி. வாயாடி அழத் தொடங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. வெளியே சாலையில் தண்ணீர் தேங்கக்கூட இல்லை. வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் வெளிச்சம் தெரிந்தது. பால் வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கடவுளே என்று கத்தினாள். இங்கே, இங்கே என்று கத்தினாள். அந்த மனிதர் வந்து கதவின் மேல் கை வைத்து உள்ளே குனிந்து பார்த்தார். அவள் கண்களுக்கும் அவர் கண்களுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அவர் பார்வை அவள் மேல் நிற்கவில்லை.

போனை எடுத்தார். "ஹலோ... அணை ரோட்டுல ஒரு வண்டி நிக்குதுங்க. கூரையில்லாத வண்டி. ஆள் யாரும் இல்ல... உள்ள விளிம்பு வரைக்கும் தண்ணிங்க. இல்லைங்க, மழை இப்பத்தானே பிடிச்சுது, இவ்வளவு தண்ணி எப்படி... சரிங்க. சரிங்க."

"ஐயா! குழந்தையை மட்டும் பிடிங்க! இங்க பாருங்க!"

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். விளக்கை அணைக்கப் போலிருக்கிறது, கையை உள்ளே விட்டார். அவளைத் தடுத்த துணி அவரைத் தடுக்கவில்லை. சூடான, உயிருள்ள கை அவள் கன்னத்தை ஒட்டி இறங்கியது. இரண்டு கையாலும் பிடித்தாள். குழந்தையின் விரல்களை எடுத்து அந்த விரல்களுக்குள் திணித்தாள். "பிடிச்சுக்கோ, விடாத, விடாத, விடாத!"

அவர் அலறிக்கொண்டு கையை உருவினார். பின்வாங்கிப் போய், கையை வேட்டியில் தேய் தேய் என்று தேய்த்தார். "பாசி... பாசிதான்" என்று சத்தமாகவே சொன்னார், தனக்குத்தானே. பிறகு ஓடினார். பால் வண்டி புறப்படும் சத்தம். கேன்கள் உருளும் சத்தம். அதுவும் தேய்ந்தது.

தண்ணீர் மார்புக்கு வந்தது.

"அம்மா, குளிருது."

"இல்லடா. இல்லடா செல்லம்."

கழுத்துக்கு வந்தது. சீட்டின் மேல் முழங்கால் ஊன்றி எழுந்தாள். குழந்தையின் வாயை மேலே பிடித்தாள். துணிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் காற்று. குழந்தையின் மூச்சு வெறும் வானத்தில் பட்டு ஆவியாகப் படிந்தது. அங்கேயே நின்றது.

மழை விட்டது. மேகம் விலகி ஒரு நட்சத்திரம் தெரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எல்லாமே இருந்தது.

"மேல தள்ளு, கண்ணு. அம்மாகூடச் சேர்ந்து தள்ளு."

தள்ளினாள். குழந்தையும் தள்ளியது.

"மாமாவும் தள்றாங்கம்மா."

அணையாத விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் கலங்கி மேலே அடித்தது. பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகள். குழந்தையின் இரண்டு சின்னக் கைகள். அவற்றுக்கு நடுவே, தண்ணீரில் இருந்து எழுந்து, இன்னும் இரண்டு. ஊறிப்போய். வெளுத்து. ஒரு விரலிலும் நகம் இல்லாமல். இடது கட்டைவிரலின் கீழே, சின்ன வயதில் சண்டையில் அவள் கடித்த தழும்பு.

அவை அவளை இழுக்கவில்லை. குழந்தையைத் தொடக்கூட இல்லை. விழுந்த நாளில் இருந்து ஒரு கணமும் ஓயாத கைகள் அவை. அந்தத் துணியை மேலே தள்ளிக்கொண்டே இருந்தன.